குளத்தில் குதித்த டார்சி: நாவலை வாசிப்பதா, தொடரைப் பார்ப்பதா?

கீழவாசல் விரிவுரையாளர்:

வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பாடமாக இருக்கிறது. சென்ற வாரம் உள்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தியபோது, நாயகன் டார்சியின் குணமாற்றத்தை விளக்கும் வினாவுக்கு மூன்று மாணவர்கள் ஒரே விடையை எழுதியிருந்தார்கள். டார்சி தம் மாளிகைக் குளத்தில் குதித்து நீந்தி, ஈரச் சட்டையோடு நாயகி எலிசபெத்தின் எதிரே வந்து நின்றார் என்றும், அந்த நீராடல் அவருடைய ஆணவம் கரைந்ததன் குறியீடு என்றும் விரிவாகவே எழுதியிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் அதற்கு அத்தியாய எண்ணும் கொடுத்திருந்தார்.

நாவலில் டார்சி எந்தக் குளத்திலும் இறங்குவதில்லை. 43ஆம் அத்தியாயத்தில் லாயத்துப் பக்கமிருந்து வரும் பாதையில் திடீரென்று எதிர்ப்படுகிறார், இருவர் கன்னங்களும் சிவந்துவிடுகின்றன, அவ்வளவுதான். குளம் 1995இல் பி.பி.சி. ஒளிபரப்பிய ஆறு பகுதித் தொடருக்காகத் திரைக்கதையாசிரியர் ஆண்ட்ரூ டேவிஸ் சேர்த்தது.

அந்த மூவரைக் கண்டிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. என் கேள்வி வேறு. 61 அத்தியாயங்களையும் ஒழுங்காகப் படித்துவிட்டு, எதுவும் பிடிபடாமல் எழுதியவர்களைக் காட்டிலும் இந்த மூவரின் விடைகளில் கதைமாந்தர்கள் உயிரோடு இருந்தார்கள். அப்படியானால் வகுப்பில் தொடரைக் காட்டலாமா? காட்டுவதென்றால் படிப்பதற்கு முன்பா, பின்பா?

திருநகர் தமிழாசிரியர் (ஓய்வு):

அம்மா, மதிப்பெண்ணைக் குறையுங்கள். பிள்ளைகள் மேல் வருத்தப்படாதீர்கள். கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் காணாமல் விட்டது குளத்தைவிடப் பெரிய ஒன்று. 1813ஆம் ஆண்டு வெளிவந்த அந்த நாவலின் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செல்வம் படைத்த மணமாகாத ஆண்மகன் ஒருவனுக்கு மனைவி தேவைப்பட்டே தீரும் என்பது உலகோர் அனைவரும் ஒப்புக்கொண்ட உண்மை என்கிறது அது. இதை யார் சொல்கிறார்? கதைக்குள் இருக்கும் எவரும் சொல்லவில்லை. ஊரார் நினைப்பதை ஊராரின் தொனியிலேயே சொல்லிக்கொண்டு, உள்ளுக்குள் சிரிக்கும் ஒரு குரல் அது. நாவல் முழுவதும் நம் தோளருகே நடந்து வருவதும் அந்தக் குரல்தான்.

நீங்கள் குறிப்பிடும் தொடரில் அந்த வாக்கியத்தை எலிசபெத்தே தன் தாயிடம் கேலியாகச் சொல்லிவிடுகிறாள். அவள் வாயில் வந்த உடனே அது ஒரு கெட்டிக்காரப் பெண்ணின் குறும்புப் பேச்சாகிவிடுகிறது. நம் இலக்கண வழக்கில் சொன்னால், கவிக்கூற்றைத் தலைவி கூற்றாக மாற்றிவிட்டார்கள். நாவலில் எலிசபெத்தும் சில இடங்களில் கேலிக்கு ஆளாகிறாள். தன்னைப் பற்றியே தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மேலே ஒரு குரல் இருந்தால்தான் அது நமக்குத் தெரியும். அந்தக் குரலையே அவள் கையில் கொடுத்துவிட்டால் அவளைத் திருத்துவதற்கு ஆளில்லை. ஒளிப்படக் கருவிக்கு முகத்தைக் காட்டத் தெரியும். முகத்தைக் காட்டிக்கொண்டே, அந்த முகத்துக்குரியவர் ஏமாந்துகொண்டிருக்கிறார் என்று காதோரம் சொல்ல அதற்குத் தெரியாது.

பொன்மேனி படத்தொகுப்பாளன்:

ஐயாவின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் அவர் எடுத்த ஆயுதத்தையே திருப்பிப் பிடிக்க அனுமதி வேண்டும். சங்க அகப்பாடல்களில் கவிக்கூற்று என்பதே கிடையாது என்று பள்ளியில் படித்த நினைவு. தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், செவிலி பேசுகிறாள், பரத்தைகூடப் பேசுகிறாள். புலவர் ஓரிடத்திலும் தம் குரலில் வந்து 'இவள் ஏமாந்துகொண்டிருக்கிறாள்' என்று நமக்குச் சொல்வதில்லை. அதனால் குறுந்தொகை குறைந்துபோயிற்றா? பேசுகிறவரின் பேச்சிலிருந்தே அவர் மறைப்பதைக் கண்டுபிடிக்கும் பயிற்சி இரண்டாயிரம் ஆண்டுகளாக நமக்கு இருக்கிறது. நல்ல நடிகரின் முகத்தைப் பார்ப்பதும் அதே பயிற்சிதான்.

நான் திருமண வீடியோக்களைத் தொகுத்து வயிறு வளர்ப்பவன். இந்த நாவலைத் தொடராகப் பார்த்த பிறகுதான் படித்தேன். முதலில் படிக்க முயன்று ஏழாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். டார்சிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன், எலிசபெத்தின் தந்தைக்கு இரண்டாயிரம் என்று புத்தகத்தில் வந்தபோது அவை எனக்கு வெறும் எண்கள். டார்சியின் பெம்பர்லி மாளிகையாகத் தொடரில் காட்டப்படும் லைம் பார்க்கின் முகப்பு, ஏரிக்கு அப்பால் முழு அகலத்துக்கு விரிந்த அந்த ஒரு காட்சியில்தான் 'ஐந்து மடங்கு' என்பதன் பொருள் எனக்குத் தெரிந்தது. இவ்வளவு பெரிய இடத்துச் சம்பந்தத்தையா இந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னாள் என்ற திகைப்பு அப்போதுதான் வந்தது. ஆண் வாரிசு இல்லாததால் ஐந்து பெண்களைப் பெற்ற எலிசபெத்தின் தந்தை வீடே ஒரு தூரத்து உறவினனுக்குப் போய்விடும் என்ற ஏற்பாட்டை விளக்க மட்டும் எனக்குப் படம் தேவைப்படவில்லை. அதற்கு எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினை வழக்கே போதுமானதாக இருந்தது.

திருநகர் தமிழாசிரியர் (ஓய்வு):

தம்பி, நன்றாக மடக்கினீர்கள். அகப்பாடலைக் கொண்டுவந்தது என் தவறு. அல்லது பாதி தவறு. குறுந்தொகைப் பாட்டு எட்டு அடிக்குள் முடிந்துவிடுகிறது. அதை ஒருவர் பத்து முறை படிக்கிறார், நிறுத்துகிறார், முதல் அடிக்குத் திரும்புகிறார். மறைந்திருப்பது அப்படித்தான் வெளிப்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் காட்சிக்கு அந்த ஓய்வு ஏது?

36ஆம் அத்தியாயத்தை எல்லோரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். எலிசபெத் அவரை மணக்க மறுத்த பின் டார்சி எழுதிய நீண்ட கடிதம் அதற்கு முந்தைய அத்தியாயத்திலேயே நமக்குக் கிடைத்துவிடுகிறது. இந்த அத்தியாயத்தில் நடப்பதெல்லாம் எலிசபெத் அதைப் படிப்பது மட்டுமே. முதல் முறை ஆத்திரத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் தாவிப் பொருளே ஏறாமல் படிக்கிறாள். இனி இதைத் தொடவே மாட்டேன் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள். தான் நம்பியிருந்த விக்கம் என்ற இளைஞன் டார்சியைக் குறைகூறிச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நினைவிலிருந்து எடுத்துக் கடிதத்துக்கு எதிரே நிறுத்திப் பார்க்கிறாள். இரண்டு மணி நேரம் அந்தப் பாதையில் அலைந்த பின், இந்தக் கணம் வரை நான் என்னையே அறிந்திருக்கவில்லை என்கிறாள். நாவலின் நடுவில் ஒருத்தி சரியாகப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்பதுதான் அங்கே நிகழ்வு. தொடரில் இந்த இடம் டார்சியின் குரலும் பழைய நிகழ்ச்சிகளின் காட்சிகளுமாக வருகிறது. விக்கம் செய்த துரோகத்தை நாம் கண்ணாலேயே பார்த்துவிடுகிறோம். பார்த்த பிறகு நம்புவதில் என்ன சிரமம்? எலிசபெத்துக்கு அந்த வசதி இல்லை. அவளிடம் இருந்தது ஒரு தாள் மட்டும்.

சிம்மக்கல் வாசகி:

ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுப் புத்தகம் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. ஆங்கில நாவலிலிருந்து சற்று விலகுகிறேன். ஆனால் கேள்வியிலிருந்து விலகமாட்டேன்.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' முதலில் கல்கி இதழில், மணிவண்ணன் என்ற புனைபெயரில் வாரந்தோறும் வந்த தொடர்கதை. என் பாட்டி அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, புதுமண்டபத்துப் பக்கம் ஒருவரிடம் கொடுத்து பைண்டு செய்து வைத்திருந்தார். பழுப்புக் காலிகோ முதுகு, பசை வாசம், கதை முடியாத பக்கத்தின் அடியில் கூந்தல் தைல விளம்பரம். தையலை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டதால் வலப்பக்கத் தாள்களில் வரிகளின் முதல் எழுத்துகள் மடிப்புக்குள் போய்விட்டன. பல இடங்களில் அரவிந்தன் வெறும் 'விந்தன்' ஆகியிருப்பான். அதைவிடப் பெரிய குறை, கடைசி இரண்டு வாரங்களின் பக்கங்கள் அந்தக் கட்டில் இல்லவே இல்லை. பைண்டு செய்தவரிடம் தொலைந்தனவா, அதற்கு முன்பே தொலைந்தனவா என்று வீட்டில் கடைசிவரை வழக்கு தீரவில்லை.

பதினோரு வயதில் அதை நான் படித்தேன். அச்சகத்தில் வேலை பார்க்கும் அரவிந்தன், தமிழ்ப் பேராசிரியரான தந்தையை இழந்து தம்பிகளையும் தங்கையையும் தாங்கும் பூரணி, இருவரும் எனக்குத் தெருவில் எதிர்ப்படும் மனிதர்களாகவே ஆகிவிட்டார்கள். பக்கங்கள் தீர்ந்ததும் அம்மாவிடம் ஓடினேன். அம்மா அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டே மிச்சத்தைச் சொன்னார். அரவிந்தனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது, பிறகு தெளிந்தது, கொடைக்கானலில் குறிஞ்சி பூத்த நேரத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது என்றார். திருமணத்தில் பூரணி என்ன நிறச் சேலை உடுத்தியிருந்தாள் என்றுகூடச் சொன்னார்.

பதினேழு வயதில் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் அச்சுப் புத்தகத்தை எடுத்து, எனக்குத் தெரிந்த முடிவை மறுபடி ரசிப்பதற்காகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். அரவிந்தன் அந்தக் காய்ச்சலிலேயே இறந்துவிடுகிறான். நூலகத்தில் சத்தம் போட்டு அழ முடியாது என்பதால் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தேன். அம்மா மேல் வந்த கோபம் பல நாள் தணியவில்லை.

பின்னாளில் தூர்தர்ஷனில் இந்த நாவல் தொடராக வந்தது. அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின். அம்மாவும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். ஆனால் முடிவு நெருங்கும் வாரங்களில் அம்மா தொலைக்காட்சி முன் உட்காரவே இல்லை. நான் சொல்ல வந்தது இதுதான்: நான் முதன்முதலில் பார்த்த தொடர், கீரை ஆயும்போது அம்மா எடுத்தது. விரிவுரையாளர் அம்மாவின் மாணவர்களுக்கு அந்தக் குளம் எப்படியோ, எனக்கு அந்தத் திருமணம் அப்படி. பொய் என்று தெரிந்த பின்னும் அழியவில்லை.

அனுப்பானடி:

குறிஞ்சி மலரை இந்த மாதம்தான் தொடங்கியிருந்தேன். நன்றி, சகோதரி.

சிம்மக்கல் வாசகி:

மன்னிக்க வேண்டும்! அறுபது ஆண்டுகளாக ஊரறிந்த முடிவு என்று துணிந்துவிட்டேன். என் அம்மா சொன்ன முடிவோடு படித்து முடித்துக்கொள்ளுங்கள்.

அனுப்பானடி:

பரவாயில்லை. கோபத்தில் ஒரு கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நாவல் படிக்கும்போது முகங்களை நாமே கற்பனை செய்துகொள்கிறோம், தொடர் அந்தச் சுதந்திரத்தைப் பறித்துவிடுகிறது என்று வழக்கமாகச் சொல்வார்கள். இங்கே இன்னும் யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன் தடுத்துவிடுகிறேன். தமிழ் வாசகன் எப்போது முகமில்லாமல் நாவல் படித்தான்? 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாரந்தோறும் வந்தபோது கூடவே மணியத்தின் ஓவியங்களும் வந்தன. என் தாத்தாவுக்கு வந்தியத்தேவன் என்றால் மணியம் வரைந்த வந்தியத்தேவன்தான். 2022இல் திரைப்படம் வெளியானபோது அவர் நடிகரின் மூக்கு சரியில்லை என்றார்; எந்த மூக்கை வைத்துச் சொன்னார் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்று. வாரம் ஒரு பகுதி, முக்கியமான இடத்தில் 'தொடரும்', ஏழு நாள் காத்திருப்பு, அதுவரை தெருவெல்லாம் அதே பேச்சு என்று அந்தக் கதைகள் எழுதப்பட்டன. ஐந்து பாகங்களையும் மொத்தமாக வாங்கி விடுமுறையில் விழுங்குகிறவனைவிட, வாரத்துக்கு ஒரு பகுதி தொலைக்காட்சியில் பார்க்கிறவன்தான் அந்தக் கதைகளின் முதல் வாசகனுக்கு நெருங்கியவன். ஆஸ்டின் அப்படி எழுதவில்லை. அவருடைய நாவல் மூன்று தொகுதிகளாக முழுமையாகவே வெளிவந்தது. ஆகவே அந்த நாவலுக்குப் பொருந்தும் வாதம் நம் தொடர்கதைகளுக்கு அப்படியே பொருந்தாது.

குன்றத்துக்காரன்:

திருப்பரங்குன்றத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பூரணியின் குடும்பம் எங்கள் ஊரில்தான் குடியிருந்தது என்பதால் எங்களுக்கு ஒரு தனி உரிமை உண்டு. பூரணியின் வீடு எந்தச் சந்தில் இருந்திருக்கும் என்று என் தந்தையும் நானும் பல ஆண்டுகள் வாதிட்டிருக்கிறோம். சன்னதித் தெருவுக்குப் பின்புறம் என்பார் அவர். கிரிவலப் பாதையை ஒட்டி என்பேன் நான். அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் வீடே இல்லை, வெறும் பொட்டல்தான் என்று அவர் முடிப்பார். அவர் மறைந்த பிறகும் அந்தப் பாதையில் நடக்கும்போது ஒரு குறிப்பிட்ட ஓட்டு வீட்டைக் கடந்தால் என் நடை தானாகவே மெதுவாகும்.

முகத்தைப் பற்றி அனுப்பானடி நண்பர் சொன்னதை ஏற்கிறேன். இடத்தைப் பற்றி ஏற்கமாட்டேன். ஓவியர் முகத்தைத்தான் வரைந்தார். தெருவை வாசகனிடம் விட்டுவைத்தார். படம்பிடிப்பவர் ஏதாவது ஒரு தெருவில் கருவியை வைத்தே ஆக வேண்டும். ஆர்.கே. நாராயணின் மால்குடி எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். சங்கர் நாக் தூர்தர்ஷனுக்காக அதைத் தொடராக எடுத்தபோது கர்நாடகத்தின் ஆகும்பேயில் எடுத்தார். அருமையான தொடர், எனக்கு மிகவும் பிடித்த தொடர். ஆனால் அதைப் பார்த்ததிலிருந்து மால்குடியில் எனக்கு எப்போதும் மழைக்கால ஈரம்தான். முன்பு என் மால்குடியில் மதுரை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதைத் திரும்பப் பெற எத்தனையோ முறை முயன்றும் முடியவில்லை.

பொன்மேனி படத்தொகுப்பாளன்:

அண்ணனின் இழப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் ஏழாம் அத்தியாயத்தில் நின்றுபோன என்னைப் போன்றவனுக்கு இழப்பதற்கு ஒரு மால்குடியே இருந்ததில்லையே? தொடர்தான் என்னைக் கைப்பிடித்துப் புத்தகத்தின் வாசலில் விட்டது.

ஐயா சொன்னதற்காக நேற்று இரவு 36ஆம் அத்தியாயத்தைப் படித்தேன். முன்பு இந்த நாவலை முடித்தபோது அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. கடிதத்தைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே என்று நினைத்திருப்பேன். என் தொழில் கண்ணோடு பார்த்தால் அதைப் படமாக்கவே முடியாது. ஒரு பெண் ஒரே தாளை மறுபடி மறுபடி படிப்பதை எந்தத் தொகுப்பாளரும் இருபது வினாடிகளுக்கு மேல் விட்டுவைக்கமாட்டார். டேவிஸ் பழைய நிகழ்ச்சிகளைக் காட்டியது சோம்பலால் அல்ல. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ஐயா சொன்னதும் சரி. அந்த இடத்தில் எனக்கு நானே ஏமாந்தது தெரிந்தது. விக்கமை நானும் நம்பியிருந்தேன் என்பதைத் தொடர் என்னை உணரவே விடவில்லை.

கீழவாசல் விரிவுரையாளர்:

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். முதலில் கடிதத்தை மட்டும் படியெடுத்துக் கொடுத்து மௌனமாகப் படிக்கச் சொன்னேன். பிறகு டார்சி சொல்வதை நம்புகிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பாதிக்கும் குறைவான கைகளே உயர்ந்தன. வசதியானவன் எப்படி வேண்டுமானாலும் எழுதுவான் என்றாள் ஒரு மாணவி. அதன் பின் 36ஆம் அத்தியாயத்தை நானே வாய்விட்டுப் படித்தேன். அதற்கும் பிறகுதான் தொடரின் அந்தப் பகுதியைக் காட்டினேன்.

குளத்தைப் பற்றி எழுதிய மூவரில் ஒருவன்தான் முதலில் பேசினான். விக்கமின் குற்றத்தை இப்படிக் காட்டிவிட்டால் எலிசபெத் எதற்காக வெட்கப்பட வேண்டும் என்று கேட்டான். திரையில் டார்சியின் முகத்தில் தெரிந்த வலி கடிதத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று இன்னொருத்தி தேட ஆரம்பித்தாள். கடைசி வரி என்று அவளாகவே சொன்னாள். அவ்வளவு கோபத்துக்குப் பிறகும் கடவுள் உன்னைக் காக்கட்டும் என்று முடிகிறது அந்தக் கடிதம். பதினைந்து ஆண்டுகளாகக் கற்பிக்கும் நான் அந்த வரியில் ஒருமுறைகூட நின்றதில்லை. தொடரைப் பார்க்காவிட்டால் அவளும் நின்றிருக்கமாட்டாள்.

ஆகவே இந்தப் பருவத்துக்கு என் முடிவு: முதலில் புத்தகம், பிறகு காட்சி, உடனே மறுபடி அதே பக்கம். மூன்றாவதைச் செய்யாவிட்டால் முதல் இரண்டும் வீண். 43ஆம் அத்தியாயத்தையும் அடுத்த வாரம் இதே முறையில் எடுக்கப்போகிறேன். குளத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பதில் மாற்றம் இல்லை.

திருநகர் தமிழாசிரியர் (ஓய்வு):

அந்த மாணவிக்கு என் ஆசிகளைச் சொல்லுங்கள் அம்மா. சிம்மக்கல் சகோதரிக்கு ஒரு கேள்வி: அந்தக் கட்டு இன்னும் இருக்கிறதா?

சிம்மக்கல் வாசகி:

இருக்கிறது ஐயா. இந்த உரையாடலைத் தொடர்ந்து படித்துவிட்டு, நேற்று அச்சுப் புத்தகத்திலிருந்து கடைசி அத்தியாயங்களைப் படியெடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "இதை அந்தக் கட்டுல சேத்துத் தைச்சிராத" என்றார்.